பீடி சுற்றுவது "சும்மா உட்கார்ந்து செய்யும் வேலை"யா? (ஆலங்குளம், முக்கூடல், கடையம் பக்கத்து வீடுகள் பற்றி)

பொருநை வாசகன்
4 பிப்ரவரி 2024, காலை 8.15

ஆலங்குளம் வட்டாரத்தில் எந்தத் தெருவுக்குள் போனாலும் திண்ணையில் நாலு பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே பீடி சுற்றுகிறார்கள். வெயிலில் களை எடுப்பதோடு ஒப்பிட்டால் இது நிழல் வேலை. வீட்டு வேலை முடிந்த பிறகு ஓய்ந்த நேரத்தில் கைச்செலவுக்குச் சம்பாதிப்பது என்றுதான் எனக்குப் படுகிறது. இதை முழுநேரத் தொழில் என்று சொல்வது கொஞ்சம் மிகை இல்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுளகு
4 பிப்ரவரி, காலை 10.40

திண்ணையில் நீங்கள் பார்த்தது நடுவில் வரும் ஒரு கட்டம். அதற்கு முன்னும் பின்னும் உள்ளது தெருவில் போகிறவர் கண்ணில் படாது. முதலில் இலையைச் சொல்கிறேன். இந்த வேலையில் கடிகாரம் என்பதே இலையின் ஈரம்தான்.

பீடி இலை நம் ஊரில் விளைவதில்லை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, தெலங்கானா காடுகளில் கோடையில் பறித்துக் காயவைத்து, கட்டுக் கட்டாக வருகிறது. புகையிலைத் தூள் குஜராத்திலிருந்தும் கர்நாடகத்து நிப்பாணியிலிருந்தும் வரும். பீடிக்கடையில் ஆயிரம் பீடிக்கு அரைக் கிலோவிலிருந்து 700 கிராம் வரை இலையும், 200 முதல் 250 கிராம் வரை தூளும், நூலும் கொடுப்பார்கள். பிராண்டுக்குப் பிராண்டு அளவு மாறும்.

கடையிலிருந்து வரும்போது இலை அப்பளம் மாதிரி இருக்கும், தொட்டால் நொறுங்கும். அன்று சாயங்காலமே கட்டைப் பிரித்துத் தண்ணீரில் முக்கி, உதறி, ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். ராத்திரி முழுக்க அதற்குள் கிடந்து காலையில் தோல் மாதிரி வளைய வேண்டும். ஈரம் கூடிப் போனால் இலையில் கறுப்புப் புள்ளி விழும், சுற்றின பீடியில் பூஞ்சணம் பிடிக்கும். குறைந்து போனால் சுற்றும்போதே விளிம்பு வெடிக்கும். இரண்டையும் கடையில் கழித்துவிடுவார்கள்.

நனைத்த இலை காத்திருக்காது. வெட்டின இலை அதைவிடக் காத்திருக்காது. உடம்பு சரியில்லை, விருந்தாள் வந்துவிட்டார்கள், பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்று தள்ளிப் போட்டால் அந்த இலை போச்சு. அதன் விலை அந்தப் பெண் தலையில். ஓய்ந்த நேரத்து வேலை என்றால் நேரம் அவள் கையில் இருக்க வேண்டும். இங்கே நேரம் சாக்குக்குள் இருக்கிறது.

சுளகு
4 பிப்ரவரி, மதியம் 1.05

மேலே "ராத்திரி முழுக்க" என்று எழுதினது எல்லா மாதத்துக்கும் பொருந்தாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றிலேயே ஈரம் இருக்கும். அப்போது இலையை முக்கக் கூடாது, தண்ணீர் தெளித்தால் போதும், இரண்டு மூன்று மணி நேரத்தில் பதம் வந்துவிடும். பங்குனி, சித்திரையில் சாக்கை நடுராத்திரி எழுந்து இன்னொரு தடவை நனைத்தால்தான் காலையில் இலை வளையும். தென்காசிப் பக்கம் ஆனி, ஆடியில் சாரலும் காற்றும் மாறி மாறி அடிக்கும். ஒரே நாளில் காலையில் ஈரம் கூடும், மதியம் இலை முறுகும். அந்த இரண்டு மாதமும் இலை பார்ப்பதுதான் கஷ்டம்.

கடனாநதி
4 பிப்ரவரி, இரவு 9.30

அக்கா, மின்விசிறியைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

சுளகு
4 பிப்ரவரி, இரவு 9.52

ஆமாம், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சுற்றும்போது மின்விசிறி போட முடியாது. தூள் பறந்து கண்ணிலும் மூக்கிலும் ஏறும், வெட்டின இலை காய்ந்து சுருளும். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டிலும் தகரக் கொட்டகையிலும் காற்றை நிறுத்திவிட்டுத்தான் உட்காருகிறார்கள். திண்ணைக்கு வருவது வேடிக்கை பார்க்க இல்லை. உள்ளே வெளிச்சம் போதாது, புழுக்கம் தாங்காது, அதனால் வருகிறார்கள்.

சுளகு
6 பிப்ரவரி, காலை 11.20

இலை வெட்டுவது.

காலையில் சாக்கைப் பிரித்ததும் தரம் பிரிக்க வேண்டும். ஓட்டை விழுந்தது, பூச்சி அரித்தது, பழுத்துச் சிவந்தது, பிஞ்சு இலை எல்லாம் தனியாகப் போகும். நல்ல இலையில் தகரத் தகட்டை வைத்துக் கத்திரியால் அதன் ஓரமாக வெட்டி எடுக்கிறார்கள். தகட்டின் நீள அகலம் பிராண்டுக்கு ஏற்ப மாறும். தகட்டை நடு நரம்பின் மேல் வைக்கக் கூடாது. நரம்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பெரிய இலை என்றால் இரண்டு, மூன்று துண்டு கிடைக்கும். சின்ன இலையில் ஒன்று கிடைப்பதே பெரிது. தடித்த நரம்பு உள்ளே மாட்டினால் சுற்று படியாமல் இடுக்கு விழும், பற்றவைத்தால் காற்று வாங்கும்.

ஆயிரம் துண்டு தேற வேண்டும். வெடிப்பதற்கும் கிழிவதற்கும் கூடுதலாக ஐம்பது, அறுபது வெட்டி வைப்பார்கள். கடையில் கொடுத்த இலையில் இவ்வளவு தேறாத நாள் நிறைய. மொத்த எடையில் ஓட்டை இலையும் சேர்த்துத்தானே போடுகிறார்கள்? இலை குறைந்தால் பக்கத்து வீட்டில் கடன் வாங்க வேண்டும், இல்லையென்றால் வெளியே காசு கொடுத்து இலை வாங்க வேண்டும். அந்தக் காசு கூலிச் சீட்டில் எங்கும் வராது. பீடிக்கூலி பற்றி எழுதுகிறவர்கள் பலர் ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற விகிதத்தை மட்டும் எழுதிவிட்டு, இலைக்குப் போகிற இந்தக் காசைக் கழிக்காமலே விட்டுவிடுகிறார்கள். அதனால் அவர்கள் கணக்கு தப்பாகிறது.

கத்திரிக்கு வாரம் ஒரு தடவையாவது சாணை பிடிக்க வேண்டும். மழுங்கின கத்திரியில் வெட்டினால் துண்டின் ஓரம் பிசிறடிக்கும், பெருவிரல் அடியில் காய்ப்பு ஏறும். அந்தக் காய்ப்பைப் பார்த்தே எத்தனை வருஷமாக இலை வெட்டுகிறாள் என்று சொல்லிவிடலாம்.

வெட்டின துண்டை ஈரத்துணியில் அடுக்கிச் சுற்றி வைக்க வேண்டும். அன்றைக்கே சுற்றி முடிப்பது நல்லது. மறுநாள் காலை வரை தாங்கும், அதற்கு மேல் வேண்டாம்.

சுளகு
6 பிப்ரவரி, மாலை 6.10

சுற்றுவது. மடியில் சுளகு (முறம்), சுளகில் ஒரு பக்கம் தூள், ஒரு பக்கம் துண்டு. இடது கையில் துண்டை எடுத்து, வலது கை விரலால் கால் கிராம் அளவுக்குத் தூளை நீளவாக்கில் பரப்பி, பெருவிரலால் உருட்டி, ஒடுங்கின பக்கம் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்து அறுக்க வேண்டும். அகலமான பக்கத்து வாயைப் பிறகு மொத்தமாக மடக்கிக்கொள்ளலாம். சிலர் நகத்தால் மடக்குவார்கள், சிலர் சின்ன இரும்புத் துண்டு வைத்திருப்பார்கள். நகத்தாலேயே மடக்குகிறவர்களுக்கு நகக்கண் வெடித்து ரத்தம் கசியும்.

தூள் கூடினால் பீடி இறுகும், இழுத்தால் புகை வராது, கொடுத்த தூளும் ஆயிரத்துக்குப் போதாது. குறைந்தால் தொளதொளவென்று வாய் சப்பையாகும். தராசு இல்லாமல் ஆயிரம் தடவை அதே எடையை விரல் எடுக்கிறது. இதைக் கைத்திறன் இல்லாத வேலை என்று எந்தக் கணக்கில் சேர்த்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு ஆயிரம். பேசிக்கொண்டே சுற்றினாலும் 25 தவறாது. கட்டுக் கட்டும் நேரத்தில் "பதினேழா, பதினெட்டா?" என்று பக்கத்தில் இருப்பவள் கேட்டுவிட்டால்தான் எண்ணிக்கை போகும். சின்னப் பிள்ளைகள் இதை வேண்டுமென்றே செய்துவிட்டு ஓடும்.

பொருநை வாசகன்
7 பிப்ரவரி, காலை 7.50

தராசு விஷயம் நான் யோசிக்காதது. சரி, ஒரு ஆயிரத்துக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும்? அதைச் சொன்னால் நானே கணக்குப் போட்டுக்கொள்கிறேன்.

சுளகு
7 பிப்ரவரி, மதியம் 2.30

நல்ல கை உள்ளவளுக்கு:

நனைப்பது, பிரிப்பது அரை மணி. வெட்டுவது இரண்டரையிலிருந்து மூன்று மணி. சுற்றி நூல் கட்டுவது ஏழிலிருந்து எட்டு மணி, அதாவது நிமிஷத்துக்கு இரண்டு பீடிக்குக் கொஞ்சம் மேல். வாய் மடக்கிக் கட்டுக் கட்டுவது ஒரு மணி முதல் ஒன்றரை மணி. கடைக்குப் போய் வரிசையில் நின்று பீடி கொடுத்து, இலை தூள் வாங்கி வருவது ஒரு மணி.

கூட்டினால் 12 முதல் 14 மணி நேரம். புதிதாகப் பழகுகிறவள் மணிக்கு ஐம்பது, அறுபதுதான் சுற்றுவாள். அவளுக்கு ஆயிரம் இரண்டு நாள் வேலை.

கூலி அரசாணைக்கு அரசாணை மாறும், பஞ்சப்படியும் சேரும். கணக்குக்காக ஆயிரத்துக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 13 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 19 ரூபாய் சொச்சம். இதில் வெளியே வாங்கின இலையைக் கழிக்கவில்லை, கழிவுப் பீடியைக் கழிக்கவில்லை, பி.எஃப். பிடித்தத்தையும் கழிக்கவில்லை.

சுளகு
7 பிப்ரவரி, இரவு 10.15

கணக்கைப் போட்டுவிட்டு யோசித்தேன், அது சரியான படத்தைக் காட்டவில்லை. 13 மணி நேரம் பீடிக்குப் போனால் சோறு யார் பொங்குவது? தண்ணீர் பிடிப்பது, துணி துவைப்பது, பள்ளிக்கு அனுப்புவது, மாமியாருக்கு மாத்திரை கொடுப்பது எல்லாம் எப்போது?

பதில் இதுதான்: கடையில் பீடிக் கணக்கு எழுதும் பாஸ் புத்தகத்தில் தினம் ஆயிரம் ஏறுகிற வீட்டில் இரண்டு பெண்கள் உழைக்கிறார்கள். மாமியார் இலை வெட்டி மருமகள் சுற்றுவாள். அல்லது அம்மா சுற்ற, மகள் காலையும் மாலையும் வாய் மடக்கிக் கட்டுக் கட்டுவாள். புத்தகத்தில் ஒரு பெயர்தான். கூலி அந்தப் பெயரில், பி.எஃப். அந்தப் பெயரில், போனஸ் அந்தப் பெயரில், பின்னால் ஓய்வூதியமும் அந்தப் பெயரில். இன்னொருத்தியை "வீட்டில் சும்மா இருக்கிறாள்" என்று குடும்ப அட்டை எடுக்கும்போது எழுதிவிடுவார்கள். இருபது வருஷம் இலை வெட்டினவள் ஐம்பது வயதில் தொழிலாளி என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லாமல் நிற்கிறாள்.

தனியாகச் சுற்றுகிறவள் ஐந்நூறு, அறுநூறோடு நிறுத்திக்கொள்கிறாள். அதுவும் ராத்திரி பதினொரு மணி வரை இழுக்கும்.

மேலப்பாளையம்காரி
8 பிப்ரவரி, காலை 9.05

எங்கள் பக்கம் இன்னொன்றும் உண்டு. வெளியே வேலைக்குப் போக வீட்டில் சம்மதம் கிடைக்காத பெண்களுக்கு இது ஒன்றுதான் கையில் காசு வரும் வழி. கடைக்குப் போய்க் கொடுத்து வாங்குவதுகூட மகனோ சின்னப் பெண்ணோதான். அதனால் கூலி முதலில் யார் கையில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இப்போது வங்கிக் கணக்கில் போடுகிற கம்பெனிகளில் அந்தத் தொல்லை குறைந்தது. ஆனால் ஏ.டி.எம். அட்டை யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் பாதி வீட்டில் பதில் வராது.

சுளகு
8 பிப்ரவரி, மாலை 5.45

கடைக்கு வருவோம். வீட்டில் எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் கூலி தீர்மானம் ஆவது அந்த மேசையில்தான்.

கட்டை வாங்கி நாலைந்தைப் பிரித்து உருட்டிப் பார்ப்பார்கள். சப்பை, வெடிப்பு, நீளக் குறைவு, கறுப்புப் புள்ளி, நூல் தளர்வு எல்லாம் கழிவு. கழித்த பீடியை அங்கேயே ஒடித்துப் போடுவதும் உண்டு, ஒடிக்காமல் எடுத்து வைத்துக்கொள்வதும் உண்டு. ஒடிக்காத கழிவுக்குத்தான் கேள்வி கேட்க வேண்டும். கூலி கொடுக்கத் தகுதி இல்லாத பீடி விற்பனைக்குத் தகுதி ஆனது எப்படி?

1966ஆம் வருஷத்துப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் இருந்து சுற்றுகிறவளையும் தொழிலாளி என்று ஒப்புக்கொண்டது. அதை எதிர்த்து முதலாளிகள் போன வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அந்தச் சட்டத்தின் கீழ் மகாராஷ்டிரம் போட்ட விதியில், சாதாரணமாக நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கழிக்கக் கூடாது என்று இருக்கிறது. ஆயிரத்துக்கு ஐம்பது, அதாவது இரண்டு கட்டு. இந்த இரண்டு கட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கழிவு அதைத் தாண்டினால் காரணம் கேட்டு எழுதி வாங்குவதில் தப்பே இல்லை.

அதே சட்டத்தில் இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் கூலியோடு விடுப்பும் உண்டு. இது தெரிந்த பெண்கள் குறைவு.

கடனாநதி
8 பிப்ரவரி, இரவு 8.20

சட்டம் இன்னும் இருக்கிறதா? தொழிலாளர் சட்டங்களை ஒன்றாகச் சேர்த்த தொகுப்புச் சட்டத்தில் போய்விட்டது என்றார்களே?

சுளகு
8 பிப்ரவரி, இரவு 8.41

2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புக்குள் இதைச் சேர்த்திருக்கிறார்கள். இந்த 2024 பிப்ரவரி வரை நடைமுறைக்கு வரும் தேதியை அறிவிக்கவில்லை. (பின்சேர்க்கை: 2025 நவம்பரில் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது, அதுவரை 1966 சட்டம்தான் இருந்தது.)

1976இல் வந்த நலநிதிச் சட்டங்கள் வேறு. பீடி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று வசூலித்த தீர்வையில் ஆஸ்பத்திரி, உதவித்தொகை எல்லாம் நடந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தீர்வையை எடுத்துவிட்டார்கள். உதவி ஓடுகிறது, ஆனால் இந்தத் தொழிலுக்கென்றே தனியாக ஒதுங்கின பணம் இல்லை. எனக்கு அது பெரிய இழப்பாகவே தெரிகிறது.

மேலப்பாளையம்காரி
11 பிப்ரவரி, காலை 10.30

பி.எஃப். பற்றி எழுதுங்கள் அக்கா. கல்யாணத்துக்குப் பணம் எடுத்துவிட்டுப் பிறகு கஷ்டப்படுகிறவர்கள்தான் எங்கள் தெருவில் அதிகம்.

சுளகு
11 பிப்ரவரி, இரவு 9.00

இது நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பீடித் தொழில் 1977இல் பி.எஃப்.க்குள் வந்தது. வீட்டில் சுற்றுகிறவர்களுக்குப் பொருந்தாது என்று முதலாளிகள் வழக்காடினார்கள். 1985இல் உச்ச நீதிமன்றம் பொருந்தும் என்று தீர்ப்புச் சொன்னது. பெரும்பாலான தொழில்களில் 12 சதவீதம், பீடிக்கு 10. அவள் கூலியில் 10, முதலாளி 10. முதலாளியின் பத்தில் 8.33 ஓய்வூதியக் கணக்குக்குப் போய்விடும், மீதி 1.67தான் அவள் பி.எஃப்.இல் சேரும்.

பெண்கள் ஏமாறுகிற இடம் கல்யாணம். பதினெட்டு, பத்தொன்பது வயதில் கணக்குத் தொடங்கி ஆறு ஏழு வருஷம் சுற்றியிருப்பாள். கல்யாணச் செலவுக்கென்று வேலையை விட்டதாகக் காட்டி 19ஆம் படிவமும் 10சி படிவமும் கொடுத்து மொத்தத்தையும் எடுத்துவிடுவார்கள். 10சியில் ஓய்வூதியப் பணத்தையும் திருப்பி வாங்கினால் அந்த ஆறு ஏழு வருஷச் சர்வீஸ் அழிந்துவிடும். புகுந்த வீட்டில் மறுபடி சுற்ற உட்காரும்போது சுழியிலிருந்து தொடக்கம்.

செய்ய வேண்டியது: கல்யாணத்துக்குப் பணம் வேண்டுமென்றால், 2024இல் உள்ள விதிப்படி ஏழு வருஷம் முடிந்திருந்தால் 31ஆம் படிவத்தில் முன்பணமாக அவள் பங்கில் பாதி வரை எடுக்கலாம். கணக்கு சாகாது. ஏழு ஆகவில்லை, வேலையை விட்டே ஆக வேண்டும் என்றால் 19இல் பி.எஃப். பணத்தை எடுத்துக்கொள்ளட்டும், 10சியில் பணம் கேட்காமல் திட்டச் சான்றிதழ் கேட்க வேண்டும். அதே படிவம்தான், குறியிடும் கட்டம் வேறு. அந்தச் சான்றிதழ் இருந்தால் பழைய வருஷமும் புதிய வருஷமும் சேரும். புதிய கம்பெனியிலும் பழைய யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர்) எண்ணையே கொடுக்க வேண்டும், புது எண் போட விடக் கூடாது.

பத்து வருஷம் சேர்ந்தால் 58 வயதில் ஓய்வூதியம், 10டி படிவம். 50க்கு மேல் முன்கூட்டியும் வாங்கலாம், ஆனால் ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் குறையும். அவசரத்தில் வாங்கிவிட்டால் அந்தக் குறைவு ஆயுசுக்கும் நிற்கும்.

சுளகு
12 பிப்ரவரி, காலை 6.40

ராத்திரி எழுதினதில் கணக்கு விட்டுப்போச்சு. ஓய்வூதியம் எவ்வளவு வரும்? கடைசி 60 மாதச் சராசரிக் கூலியைச் சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும்.

மாதம் 5000 ரூபாய்க்குச் சுற்றினவள், 18 வருஷம்: 1285 ரூபாய். அதே 18 வருஷம், கடைசி ஐந்து வருஷம் கண் மங்கி இடுப்பு பிடித்து மாதம் 3500க்குத்தான் சுற்றினாள் என்றால்: 900. குறைந்தபட்சம் ஆயிரம் என்று 2014 செப்டம்பரிலிருந்து இருப்பதால் ஆயிரம் கிடைக்கும்.

கடைசி ஐந்து வருஷம் பார்ப்பது மாதச் சம்பளக்காரருக்கு லாபம், அவருக்குச் சம்பளம் ஏறிக்கொண்டே போகும். பீடிக்காரிக்கு வயது ஏற ஏற கை குறையும். விதி எல்லாருக்கும் ஒன்றுதான், அடி விழுவது இவளுக்கு. இருபது வருஷம் முடித்து 58இல் வாங்கினால் இரண்டு வருஷம் கூடுதலாகச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். அதனால் 18, 19 வருஷத்தில் நிற்கிறவர்கள் முடிந்தால் இருபதைத் தொட்டுவிடுங்கள்.

கடனாநதி
12 பிப்ரவரி, இரவு 7.15

பிள்ளைகள் உதவித்தொகையையும் எழுதிவிடுங்கள், இங்கேயே இருக்கட்டும்.

சுளகு
13 பிப்ரவரி, மதியம் 12.10

தொழிலாளர் நல அமைப்பு கொடுக்கிற அடையாள அட்டை பெற்றோரில் ஒருவருக்கு வேண்டும். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவு. நாலாம் வகுப்பு வரை வருஷம் 1000, ஐந்திலிருந்து எட்டு வரை 1500, ஒன்பது பத்துக்கு 2000, பதினொன்று பன்னிரண்டுக்கு 3000, பட்டப்படிப்பு, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் 6000, தொழிற்படிப்பு 25,000.

தள்ளுபடி ஆவது பெரும்பாலும் மூன்று காரணத்தால்: பிள்ளையின் வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காமல் இருப்பது, பள்ளி அல்லது கல்லூரி தரப்பில் சரிபார்க்காமல் விடுவது, அம்மா பெயர் அட்டையில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருப்பது. இரண்டாவது காரணத்துக்காக விண்ணப்பித்ததோடு விடாமல், கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன் பள்ளிக்கூட அலுவலகத்தில் போய் நின்று கேட்க வேண்டும்.

சுளகு
19 பிப்ரவரி, இரவு 9.25

உடம்பு பற்றி ஒன்றும் எழுதாமல் விட்டால் குறையாகும்.

தூள் மூக்கால் மட்டும் ஏறுவதில்லை, தோல் வழியாகவும் ஏறும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் இன்னும் சீக்கிரம். தலைவலி, குமட்டல், பசியின்மை என்று வரும்போது பித்தம் என்று இஞ்சிச்சாறு குடிப்பார்கள். சோப்புப் போட்டுக் கழுவினாலும் பிசையும் சோற்றில் கசப்பு இறங்கும். காலைச் சமையலை முடித்துவிட்டுத்தான் தூளில் கை வைப்பது அதனால்தான்.

சுளகு கொள்ளும் அளவு மட்டும் தூளை எடுத்து, மீதியை மூடி வைக்க வேண்டும். மூக்கை மறைத்து நூல் துணி கட்டலாம். புழுக்கத்தில் அரை மணிக்கு மேல் யாரும் தாங்குவதில்லை என்பதும் தெரியும், தூளைக் கொட்டிப் புடைக்கும்போதாவது கட்டுங்கள். இலைப் பக்கமும் தூள் பக்கமும் பால் குடிக்கும் குழந்தையைக் கிடத்தக் கூடாது. தவழும் பிள்ளை ஒரு சிட்டிகை வாயில் போட்டாலும் ஆபத்து. வாந்தி, வியர்வை, சோர்வு கண்டால் வீட்டு மருந்து பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு. முக்கூடலில் பீடித் தொழிலாளருக்கென்றே மத்திய அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் இந்த மாதிரி நேரத்தில் எது பக்கமோ அங்கேதான் போக வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை. காசநோய் மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். "தூள் இருமல்" என்று தள்ளிப்போட்டு ரத்தம் வந்த பிறகு போகிறார்கள்.

இடுப்புக்கு: சுவரில் முதுகு சாய்த்து, ஒரு காலை நீட்டி, இரண்டு கட்டு முடிந்தால் கால் மாற்றுவது. கட்டைப் பலகை மேல் உட்காருவது தரையைவிட நல்லது.

பொருநை வாசகன்
2 மார்ச், காலை 9.10

முதலில் எழுதின "ஓய்ந்த நேரம்" என்பதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உறவில் ஒரு பெரியம்மாவுக்குப் பாஸ் புத்தகத்தில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர், பிறந்த தேதியும் இரண்டு விதம். 57 வயது. எதை முதலில் செய்வது?

சுளகு
2 மார்ச், மாலை 4.30

முதலில் எந்த ஆவணம் சரி என்று முடிவு செய்யுங்கள். பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ் இருந்தால் அதன் தேதிப்படி ஆதாரைத் திருத்துங்கள். பிறகு கம்பெனியும் அவரும் சேர்ந்து கையெழுத்துப் போடும் கூட்டு உறுதிமொழி விண்ணப்பம் பி.எஃப். அலுவலகத்துக்கு. பெயர், பிறந்த தேதி, கணவர் பெயர் மூன்றையும் ஒரே விண்ணப்பத்தில் கேளுங்கள், தனித்தனியாகப் போட்டால் மூன்று தடவை அலைச்சல். கம்பெனி கையெழுத்துக்குத்தான் நாள் ஆகும், அதனால் 58 வரும் வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே தொடங்குங்கள். வாரிசு நியமனமும் இணையத்தில் போட்டுவிடுங்கள். பழைய பாஸ் புத்தகங்கள் எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும், ஒன்றையும் எடைக்குப் போட விடாதீர்கள். இடையில் கணக்கு ஏறாத மாதங்களைக் காட்ட அதுதான் சாட்சி.

இன்னொன்று கேட்கிறேன்: பெரியம்மா வீட்டில் இலை வெட்டுவது யார்?

பொருநை வாசகன்
2 மார்ச், இரவு 8.05

மருமகள். அவளுக்குப் புத்தகம் இல்லை.

சுளகு
2 மார்ச், இரவு 8.30

பெரியம்மாவுக்கு 58 ஆகும்போது அந்தப் புத்தகத்தையே மருமகள் ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். அவள் சுற்றுகிற ஒவ்வொரு ஆயிரமும் இன்னொருவர் பெயரில் ஏறும், ஓய்வூதியம் தொடங்கின பிறகு கணக்கும் சிக்கும். கடையில் இப்போதே புதுப் புத்தகம் கேளுங்கள். ஆதார், வங்கிக் கணக்கு, இரண்டு புகைப்படம். புதுக் கணக்கு தரமாட்டோம் என்பார்கள், புத்தகம் இல்லாமல் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம் என்பார்கள். அந்தக் கணக்கில்லாத பீடிக்குக் கூலியும் குறைவு, பி.எஃப்.உம் கிடையாது. சங்கத்தில் சொல்லியோ தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தோ வாங்குங்கள். முப்பது வயதுக்குள் தொடங்கினால் இருபது வருஷம் எட்டும்.

பொருநை வாசகன்
17 மார்ச், இரவு 7.40

விண்ணப்பம் கம்பெனியில் கொடுத்தாயிற்று, ரசீது வாங்கினோம். மருமகளுக்குப் புத்தகம் "பார்க்கலாம்" என்றிருக்கிறார்கள். சாக்கு இப்போதெல்லாம் விடியும் முன்பே காய்ந்துவிடுகிறதாம், என்ன செய்வது என்று கேட்கச் சொன்னாள்.

சுளகு
17 மார்ச், இரவு 8.20

பங்குனி பிறந்துவிட்டதல்லவா. ஒற்றைச் சாக்கு இனிப் போதாது. ஈரச் சாக்கில் சுற்றினதை ஒரு பாலிதீன் தாளில் தளர்வாகப் பொதிந்து, சமையல் அடுப்புக்கு எட்டத்தில், சிமெண்ட் தரையில் வைக்கச் சொல்லுங்கள். இறுக்கிக் கட்டினால் வியர்த்துப் புள்ளி விழும், ஒரு முனை திறந்திருக்க வேண்டும். முதல் நாள் கால் பங்கு இலையில் மட்டும் செய்து பார்க்கட்டும். "பார்க்கலாம்" என்றால் எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் கேளுங்கள்.